‘என்ன?’ என்று கேட்காதவர்

எதிராளி சொன்னது காதில் விழாவிட்டால் நாமெல்லாம் "என்ன?" என்று கேட்போம். அவர் கேட்கமாட்டார். பாபநாசத்தில் அவர் வீட்டுக்கு எதிர் வீட்டில் நான் குடியிருந்த காலம் முழுவதும் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. அதற்குப் பதிலாக அவர் மூன்று வார்த்தைகள் வைத்திருந்தார். "அதானே." "பாத்துக்கலாம்." "விடு தம்பி." தமிழில் நடக்கும் பேச்சில் பெரும்பகுதியை இந்த மூன்றை வைத்தே ஒப்பேற்றிவிடலாம் என்பதை அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சந்தேகமிருந்தால் இன்று வீட்டில் பரீட்சித்துப் பாருங்கள். சாப்பாடு முடியும்வரை யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். நீங்கள் திருந்திவிட்டதாகக்கூட நினைப்பார்கள்.

அவர் பல வருஷம் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டியவர். கண்ணாடி அறை வைத்த இன்றைய வண்டி அல்ல. தலைக்கு மேலே ஒரு தகரம், காதுக்குப் பக்கத்தில் என்ஜின். தையிலும் மாசியிலும் இங்கே சம்பா அறுப்பு. அது முடிந்ததும் வேறு மாவட்டம், வேறு மாநிலம் என்று நெல் பழுத்த இடத்துக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தார். வயலில் அந்த மெஷின் கதிரை அறுத்துக்கொண்டு அடித்தாளை விட்டுவிட்டுப் போகும். அவர் காதிலும் அப்படித்தான் செய்திருந்தது. குக்கர் விசில், செல்போன் மணி, குழந்தைகள், பெண்கள் என்று மேலே இருந்த கீச்சுச் சத்தமெல்லாம் போய்விட்டது. தவில், லாரி, இடி, பக்கத்து வயல் டிராக்டர் எல்லாம் அப்படியே நின்றன.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. தெருவில் அவருக்கு இருந்த பெயரே வேறு. "அவரு மாதிரி பொறுமையாக் கேக்குற ஆளு கெடையாது" என்பார்கள். யார் பேசினாலும் தலையை லேசாகச் சாய்த்து, பேசுகிறவரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். இவ்வளவு கவனமாக நம்மைப் பெற்றவர்கள்கூடப் பார்த்ததில்லையே என்று எதிராளிக்கு நெஞ்சு இளகிவிடும். வரப்பை வெட்டிய தகராறில் அண்ணன் தம்பி இரண்டு பேர் அவரிடம் வந்தார்கள்.

"அவன் என் பக்கம் ஒரு முழம் உள்ள வந்துட்டாண்ணே" என்றார் பெரியவர்.

"அதானே."

"இவன் சொல்றது அத்தனையும் பொய்யிண்ணே" என்றார் சின்னவர்.

"அதானே."

"அப்ப நாங்களே பேசித் தீத்துக்கிறோம்ணே."

"பாத்துக்கலாம்."

இரண்டு பேரும் அவரவருக்குத்தான் நியாயம் சொன்னார் என்று திருப்தியோடு போனார்கள். இன்றுவரை ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்று கேள்வி.

எல்லாச் சமயமும் அப்படிச் சுமுகமாக முடிந்துவிடாது. ஒரு குறுவைப் பட்டத்தில், வாய்க்கால் பார்க்கிற ஆள் கீச்சுக் குரலில் "நாளைக்குத் தண்ணி வராது" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் போனார். இவர் காதில் அது "வருது" என்று விழுந்தது. ஊருக்கே "தண்ணி வருது" என்று சொல்லிவிட்டார். விடிந்ததும் நாற்றைப் பறித்து முடி கட்டியாகிவிட்டது. நடவுக்குப் பெண்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். வாய்க்காலில் ஓணான் ஓடிக்கொண்டிருந்தது. நாற்று முடிகள் ஒரு வரப்பிலும் நடவுப் பெண்கள் எதிர் வரப்பிலுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னங்க, தண்ணி வருதுன்னு சொன்னீங்க?" என்றாள் நடவுக்கு ஆள் கூட்டி வந்த பெண்.

"அதானே" என்றார் அவர், அவளைவிடக் கோபமாக.

பிறகு யாருடைய பம்புசெட்டையோ பிடித்து வெயில் சாய்வதற்குள் வயலை நனைத்துவிட்டார். ஆனால் தான் தப்பாகக் கேட்டதாக வாயைத் திறக்கவில்லை. வாய்க்கால் ஆளைத்தான் தேடித் தேடித் திட்டினார். கடைசியில் அந்த மனிதரே, தான்தான் வருது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டோமோ என்று நம்பத் தொடங்கினார்.

முதுகு ஒத்துழைக்காமல் மெஷினை விட்ட பிறகு, ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று ஓட்டம் இருந்தது. அந்தக் காருக்குத்தான் அவர் ஒரு சப்வூஃபர் வைக்க ஆசைப்பட்டார். பாட்டில் அடியில் ஓடுகிற தடதடப்பை மட்டும் தனியாகப் பிரித்து அடிக்கிற பெரிய ஸ்பீக்கர் அது. கார் டிக்கியில் பெட்டி போட்டு வைப்பார்கள். பின்னால் வருகிறவருக்குப் பாட்டு கேட்காது, உதை மட்டும் விழும்.

"தம்பி, நீ சவுண்டு தெரிஞ்ச ஆளு. தஞ்சாவூர் வரைக்கும் கூட வா" என்று என்னைக் கூப்பிட்டார்.

நான் அப்போது கல்யாண வீடியோ எடிட்டிங் செய்துகொண்டிருந்தேன். தாலி கட்டுகிற நேரத்தில் கெட்டிமேளம் முன்னப்பின்னே விழுந்திருந்தால் இழுத்துச் சரியாக வைப்பேன். மாப்பிள்ளை வீட்டார் சண்டை போடுவது பதிவாகியிருந்தால் அதன்மேல் ஒரு புல்லாங்குழலைப் போட்டு மூடுவேன். என் ஒலி ஞானம் அவ்வளவுதான். ஆனாலும் ஒருவர் நம்மை நிபுணர் என்று கூப்பிட்டால் மறுப்பது மரியாதை அல்ல. இணையத்தில் சப்வூஃபரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துத் தயாரானேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் அவர் மனைவி வந்து எங்கள் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

"நாளைக்கு அவரோட தஞ்சாவூர் போறீங்களாமே தம்பி."

"ஆமா அண்ணி. சவுண்டு விஷயம் பாருங்க. தெரிஞ்ச ஆளு கூட இருக்கணும்ல."

"அதுக்கில்ல தம்பி. இந்தத் தெருவுல உங்க குரல் ஒண்ணுதான் அவருக்கு முழுசாக் கேக்குது. எரும தண்ணிக்குள்ளேர்ந்து கத்துற மாதிரி பேசுறீங்கல்ல, அது கேக்குது."

அப்போதுதான் அண்ணி அவர் காதின் கதை முழுவதையும் எனக்குச் சொன்னார். கேட்டு முடித்ததும் எனக்கு வேறு ஒரு கவலை வந்துவிட்டது. எனக்குப் பெண் அமையாத கதையை அவரிடம் பல நாள் புலம்பியிருக்கிறேன். அவரும் "விடு தம்பி" என்று சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் விஷயத்திலாவது காதில் விழாமல் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம். என் விஷயத்தில் நன்றாகக் கேட்டுவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார்.

"காது கேக்காம வாடகைக்கு ஓட்டுறாரு தம்பி" என்றார் அண்ணி. "பின்னாடி பஸ்ஸு ஆரன் அடிச்சா தெரியாது. புள்ளத்தாச்சிங்கள ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறாரு. அவர் திரும்பி வர்ற வரைக்கும் அடுப்புல எது வெந்துச்சு எது தீஞ்சுச்சுன்னே எனக்குத் தெரியமாட்டேங்குது. அப்புடியே காது டாக்டர்கிட்ட ஒரு எட்டு கூட்டிக்கிட்டுப் போயிட்டு வந்துருங்க."

"நீங்க சொல்லிப் பாக்கலாமே அண்ணி."

"தெனம் சொல்றேனே. பாத்துக்கலாம்ங்கிறாரு."

நான் ஒப்புக்கொண்டேன். ஒரு பக்கம் சப்வூஃபர் நிபுணர், மறுபக்கம் உளவாளி. சம்பளம் இல்லாத இரட்டை வேலை.

மறுநாள் காலை தஞ்சாவூருக்குள் நுழைந்ததும் காது டாக்டரின் போர்டு கண்ணில் பட்டது. "அண்ணே, காது டாக்டர் போலருக்கு. சும்மா ஒரு தடவ பாத்துட்டுப் போயிருவோமா?" என்றேன், எருமைக் குரலில்.

வண்டியைச் சட்டென்று ஓரம் கட்டினார். என் தோளில் கை போட்டார்.

"நானே சொல்லணும்னு இருந்தேன் தம்பி. எந்நேரமும் காதுல அந்த ஹெட்போன மாட்டிக்கிட்டு ஒக்காந்துருக்க. போய் பாத்துக்க. வெக்கப்படாத. நான் வெளில இருக்கேன்."

மேலே பேசுவதற்குள் எனக்கு டோக்கன் போட்டுவிட்டார். என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கு என்றார்கள். அமுக்கினேன். வலது காதில் கீச்சென்ற மேல் சத்தம் கொஞ்சம் குறைவாகத்தான் கேட்கிறதாம். ஹெட்போனைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வெளியே வந்தால், பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "தம்பிக்குக் கொஞ்சம் மந்தம். கல்யாணம் வேற ஆகல."

"பொறவியிலயே இப்புடியா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள்.

"அதானே" என்றார்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது.

"நீங்களும் பாருங்களேன்ணே. கூட்டம் இல்ல" என்றேன்.

"பாத்துக்கலாம். கட மூடிருவான்."

வெயில்கூட இன்னும் ஏறியிருக்கவில்லை.

கடையில் சுவர் முழுக்க ஸ்பீக்கர்கள் கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தன. கடைக்காரர் மெலிந்த குரல்காரர். "என்ன மாதிரி பாட்டுண்ணே கேப்பீங்க?" என்றார். "அதானே" என்றார் இவர். கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். எனக்கான நேரம் வந்துவிட்டது. "மேல ஒட்டியிருக்குற வாட்ஸ விடுங்க. நெசமா அடிக்கிற ஆர்எம்எஸ் எவ்வளவு?" என்றேன். அவர் முகத்தில் மரியாதை வந்தது. அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். "இது ஸ்டீரியோதானே?" என்று அடுத்ததையும் கேட்டுவிட்டேன். கொடுத்த மரியாதையை அவர் அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டார். ஒற்றை சப்வூஃபரில் ஸ்டீரியோ என்று ஒன்று கிடையாதாம். நான் படித்த பக்கத்தில் அது இல்லை.

முதலில் சீட்டுக்கு அடியில் வைக்கிற தட்டையான எட்டு இஞ்சு ஒன்றைக் காட்டினார். டிக்கி முழுசாக மிச்சமாகும், வாடகை வண்டிக்கு அதுதான் தோது என்றார். இவர் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பத்து இஞ்சு. அதற்கும் தலையாட்டல். பிறகு பன்னிரண்டு இஞ்சு, இரண்டு விதப் பெட்டியில். "மூடுன பெட்டி சுத்தமா அடிக்கும். ஓட்ட வச்ச பெட்டி ஒதைக்கும்" என்றார் கடைக்காரர். இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி நெல்லை எடுத்தார். அறுப்பு வேலையை விட்டும் அந்தப் பழக்கம் விடவில்லை. எந்த வயலைத் தாண்டினாலும் நாலு மணியை உருவிக் கடித்துப் பார்த்து, மிச்சத்தைப் பைக்குள் போட்டுக்கொள்வார். அந்த நெல்லை ஸ்பீக்கரின் நடுக்குழியில் தூவினார்.

"அண்ணே, அது ஸ்பீக்கர். மொறம் இல்ல" என்றார் கடைக்காரர்.

மூடிய பெட்டியில் நெல் உட்கார்ந்த இடத்திலேயே நடுங்கியது. ஓட்டை வைத்த பெட்டியைப் போட்டதும் முதலில் பதர் எகிறிப் பறந்தது. அதன் பின்னால் மணி. கடைக்காரரின் மேஜையெல்லாம் நெல்.

"இது" என்றார்.

"டிக்கி போயிருமேண்ணே. கல்யாணப் பார்ட்டி வந்தா பெட்டிய எங்க வைப்பாங்க?" என்று நான் கேட்டேன்.

"மடியில."

பொருத்தி முடிக்க மதியம் தாண்டியது. பானெட்டுக்குள் இருக்கும் பேட்டரியிலிருந்து விரல் பருமனுக்கு ஒரு வயரை, நடுவில் ஃபியூஸ் வைத்து, காரின் தரைவிரிப்புக்கு அடியில் டிக்கி வரைக்கும் ஓட்டினார்கள். எர்த் வயருக்காகத் தகரத்தின் பெயின்ட்டைச் சுரண்டியபோது இவர் தன் தோலைச் சுரண்டுகிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டார். ஆம்ப்ளிஃபையரில் ஒரு திருகு இருந்தது. அதைத் திருப்பினால் உதை கூடும், குறையும். அவர் கார் கூரையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்கிறவர் மாதிரி மறு கையால் "வா, வா, இன்னும் வா" என்று காட்டிக்கொண்டிருந்தார். நம்பர் பிளேட் தனியாகக் கச்சேரி செய்யத் தொடங்கிய பிறகுதான் "நிறுத்து" என்று கை காட்டினார்.

திரும்பி வரும்போது உதை தாங்கவில்லை. குடல் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. "கொஞ்சம் கொறைங்கண்ணே" என்றேன். நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. அவர் ஏதோ சொன்னார். "என்ன?" என்றேன். மறுபடி சொன்னார். மறுபடியும் "என்ன?" என்றேன். அதற்கு மேல் கேட்கக் கூச்சமாக இருந்தது. "அதானே" என்று சொல்லிவைத்தேன். அவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. அந்த வண்டிக்குள் இனிமேல் காது கேட்காதவர் என்று தனியாக ஒருவர் கிடையாது. ஏறுகிற எல்லோரும் ஒரே ஜாதி.

அய்யம்பேட்டை தாண்டி ஒரு குறுகலான பாலத்தில் ஏறினோம். பின்னால் பஸ் வந்தது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. பாலம் இறங்கியதும் அது எங்களை உரசுகிற மாதிரி முந்திக் குறுக்கே நின்றது. கண்டக்டர் இறங்கி வந்தார். இவர் பாட்டை நிறுத்தினார்.

"எவ்வளவு நேரமா ஆரன் அடிக்கிறது? உனக்குக் காது கேக்குதா இல்லையாய்யா?"

இவர் தலையைச் சாய்த்து அவர் வாயைப் பார்த்தார். "அதானே" என்றார்.

கண்டக்டரின் கழுத்து நரம்பு புடைத்தது. நான் குதித்து இறங்கினேன். "பாட்டுச் சத்தம்ணே. அதுல கேக்கல. மன்னிச்சிருங்க."

"பாட்டக் கொறச்சுத் தொலைங்க. உள்ள அம்பது உசிரு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு அவர் ஏறிக்கொண்டார்.

பஸ் போன பிறகும் இவர் வண்டியை எடுக்கவில்லை.

"பாட்டுச் சத்தத்துல கேக்கலன்னு சொன்ன பாரு" என்றார். "அது போதும் தம்பி. இனிமே யார் கேட்டாலும் அதச் சொல்லிக்கலாம்."

டிக்கியில் உட்கார்ந்திருப்பது என்ன பெட்டி என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் விலை கொடுத்து ஒரு சாக்கு வாங்கியிருந்தார், பன்னிரண்டு இஞ்சில்.

நடந்ததை அண்ணியிடம் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"நீங்க சொன்னா அவருக்குக் கேக்கும், ஆனா வெளையாட்டா எடுத்துக்குவாரு. நான் சொன்னா வெளையாட்டா எடுத்துக்கமாட்டாரு, ஆனா கேக்காது" என்றார். "கல்யாண வீடியோவுல என்னென்னமோ பண்றீங்களே தம்பி. என் குரல அவருக்குக் கேக்குற மாதிரி ஆக்க முடியாதா?"

முடியும். மெல்லிய குரலைத் தடித்த குரலாகக் கீழே இறக்குவது என் தொழிலில் ஒரு பொத்தான். அண்ணியை என் மேஜைக்கு முன்னால் உட்காரவைத்து மைக்கைக் காட்டினேன். டாக்டரிடம் போகச் சொல்லி இரண்டு வரி பேசுங்கள் என்றேன். இரண்டு வரி பேசினார். பிறகு நிறுத்தவே இல்லை. நான் பாதியில் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன். ஆனால் எடிட் செய்கிறவன் கேட்காமல் எப்படி இருப்பது? எல்லாவற்றையும் கேட்டுத்தான் இறக்கினேன். பென்டிரைவில் இரண்டு பாட்டுக்கு நடுவில் போட்டு அவர் வண்டியில் செருகினேன்.

மறுநாள் ஒரு சவாரிக்குக் கிளம்புவதற்கு முன்னால், வாசலில் வண்டியை நிறுத்தி எனக்குப் பாட்டுப் போட்டுக் காட்டினார். முதல் பாட்டு முடிந்தது. கதவில் இருந்த சின்ன ஸ்பீக்கர்களில் பேச்சு வந்தது. டிக்கிப் பெட்டி அதற்கு அடியில் உறுமல் கொடுத்தது. அண்ணியின் குரல், மீசை வைத்த ஒரு ஆண்பிள்ளையின் குரலாகியிருந்தது.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க மாமனார் கொரல் மாதிரி இருக்கு. அவரு செத்து எத்தன வருஷம் ஆச்சு."

"அண்ணிதான்ணே" என்றேன்.

"வாடகைக்குப் போறதுக்கு முன்னாடி காதக் காட்டிட்டுப் போங்க" என்றது குரல். "கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லுங்க. நான் ஒண்ணும் கொறச்சு நெனைக்கமாட்டேன். நம்ம பெரிய பொண்ணு போன் பண்ணா. அவ புள்ளைக்குப் பல்லு மொளச்சிருக்காம். அன்னைக்கே சொன்னேன், விடுன்னுட்டீங்க. பாத்ரூம் குழா ஒழுகுதுன்னேன், அதானேன்னீங்க. இன்னும் ஒழுகுது. ராத்திரி நான் பேசிக்கிட்டே இருப்பேன், நீங்க தூங்கிட்டீங்களா முழிச்சிருக்கீங்களான்னு தெரியாது. காப்பி குடுக்குறப்பல்லாம் சக்கர போதுமான்னு கேக்குறேன். அதுக்கும் அதானேங்குறீங்க. போதுமா, போதாதா? எனக்கு அது தெரியாமயே போட்டுக் குடுத்துக்கிட்டிருக்கேன்."

அடுத்த பாட்டு உதைக்கத் தொடங்கியது. அவர் நிறுத்தினார். அவர் இறங்கி வீட்டுக்குள் போனார். சவாரிக்குச் சொன்னவர்கள் காத்திருப்பார்களே என்கிற சாக்கில் நானும் பின்னாலேயே போய்ச் சமையலறை வாசலில் நின்றேன். அண்ணி அடுப்பைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"கம்மிடி" என்றார் அவர். "ரொம்ப நாளாவே கம்மிதான்."

வண்டிச் சாவியை அடுப்பு மேடையில், அண்ணியின் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.